கன்றின் நாள்களைக் கடன் வாங்கலாமா?

கடந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் அது. கால்நடை மருத்துவ மாணவர்களான எங்களைப் பயிற்சிக்காக ஒரு பால் பண்ணைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கு வேலை செய்பவர்கள் பெரும்பாலோர் பெருநாளுக்கு ஊர் திரும்பும் ஆயத்தத்தில் இருந்தனர். கொட்டகையின் கடைசித் தடுப்பில் முதல் ஈற்றுக்காகக் காத்திருந்த கிடாரி ஒன்று நின்றது. அதற்கு நாள் குறித்திருந்ததோ விடுமுறையின் நட்ட நடுவில்.

பண்ணை மேற்பார்வையாளர் எங்களுடன் வந்திருந்த மருத்துவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “டாக்டர், லீவுல ஆளு இருக்க மாட்டாங்க. முதல் கன்னு வேற. ராத்திரியில சிக்கிக்கிட்டா யாரு பாக்கிறது? கொஞ்சம் முன்னாடியே போட வச்சிட முடியுமா?”

மருத்துவர் சினை ஊசி போட்ட நாளைப் பதிவேட்டில் பார்த்துக் கணக்கிட்டார். இன்னும் 12 நாள்கள் இருந்தன. பாடநூலின்படி அது அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான் வருகிறது. இரண்டு ஊசிகள் போடப்பட்டன. ஒன்று டெக்ஸாமெத்தசோன். கோவிட் காலத்தில் நாளிதழ்களில் அடிக்கடி அடிபட்ட அதே மருந்து. மற்றொன்று புரோஸ்டாகிளாண்டின் வகையைச் சேர்ந்தது. மாடு அசையாமலிருக்க வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

இரண்டாம் நாள் கிடாரி ஈன்றது. கன்று சிறியதாக இருந்தாலும் எழுந்து நின்று பால் குடித்தது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால், நஞ்சுக்கொடி விழவில்லை. மறுநாளும் விழவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் வந்தது, தீனி தள்ளியது, கொட்டகை வாசலிலேயே துர்நாற்றம் அடித்தது. நோய்க்கிருமிக் கொல்லி ஊசி தொடங்கினோம். அந்த ஊசி போட்ட மாட்டின் பாலை விற்க முடியாது என்பதால், கறந்த பாலையெல்லாம் கால்வாயில் கொட்டினோம். பெருநாள் முடிந்து வேலையாள்கள் திரும்பி வந்தபோதும் அந்தத் தாய் தலை தொங்கித்தான் நின்றது.

யாரையும் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் கேட்டதில் நியாயம் இருந்தது. மருத்துவரும் விதிக்குள்தான் நடந்துகொண்டார். ஊசி போடாவிட்டாலும் கொடி தங்கியிருக்கக்கூடும் என்று வாதிடலாம். இருந்தாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. 12 நாள் அவசரம் யாருடைய அவசரம்? மாட்டினுடையதா, கன்றினுடையதா, நம்முடையதா?

அந்தக் கேள்வியோடு வளாகத்துக்குத் திரும்பி நூலகத்தில் தேடியபோதுதான், இதே ஊசியை ஒரு நாடு பல ஆண்டுகள் வழக்கமான பண்ணை வேலையாகவே செய்துவந்தது என்று அறிந்தேன். நாம் அன்றாடம் கலக்கிக் குடிக்கும் பால்மாவில் பெரும்பங்கு அந்த நாட்டிலிருந்துதான் வருகிறது. அதுதான் நியூசிலாந்து.

365இல் 282 போனால்

நியூசிலாந்தில் ஏறத்தாழ 47 இலட்சம் கறவைப் பசுக்கள் இருக்கின்றன. அந்நாட்டின் மக்கள்தொகை அதைவிடச் சற்றுக் கூடுதல்தான். அங்கு உற்பத்தியாகும் பாலில் சுமார் 95 விழுக்காடு ஏற்றுமதியாகிறது. அந்தப் பசுக்களைப் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் வெளியில் மேய விட்டே வளர்க்கிறார்கள். தீவனத்துக்குப் பணத்தைக் கொட்டாமல் புல்லையே பாலாக்குவதுதான் அந்நாட்டின் பலம்.

ஆனால், அங்கு நம் நாட்டைப் போல் ஆண்டு முழுவதும் புல் ஒரே சீராக வளர்வதில்லை. குளிர்காலத்தில் வளர்ச்சி தேய்ந்து, வசந்தத்தில் பொங்கி எழுகிறது. எனவே, பெரும்பாலான பண்ணைகளில் எல்லாப் பசுக்களும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான சில வாரங்களுக்குள் கன்று போட வேண்டும் என்று திட்டமிடுகிறார்கள். புல் மிகுதியாக இருக்கும்போது மடியும் நிறைந்திருக்கும். அடுத்த குளிர் நெருங்கும்போது மந்தை முழுவதையும் ஒருசேர வற்றடித்துவிடுவார்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பசுவின் சினைக்காலம் சராசரியாக 282 நாள்கள். ஆண்டுக்கு 365 நாள்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே காலத்தில் ஈன வேண்டுமானால், ஈன்ற பசு மிஞ்சியுள்ள 83 நாள்களுக்குள் மறுபடியும் சினை பிடிக்க வேண்டும். அந்த 83 நாள்களுக்குள் கருப்பை ஆற வேண்டும், உடல் தேற வேண்டும், பருவத்துக்கு வர வேண்டும், போட்ட சினை ஊசி பலிக்க வேண்டும். எல்லாப் பசுக்களுக்கும் இது கைகூடுவதில்லை. ஒரு பசு இரண்டு சுற்றுப் பருவம் தவறினால் ஆறு வாரம் பின்தங்கிவிடும். அடுத்த ஆண்டு அதற்கு மேலும் பின்தங்கும்.

இப்படிப் பின்தங்கிய பசுவை என்ன செய்வது? ஒன்று, இறைச்சிக்கு விற்க வேண்டும். இல்லையென்றால், தாமதமாக ஈனுவதையும் குறைந்த பாலையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1970களிலிருந்து மூன்றாவது வழி ஒன்று நடைமுறைக்கு வந்தது. சினை முதிரும் முன்பே, நீண்ட நாள் உடலில் தங்கி வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியைப் போட்டு ஈற்றை வரவழைப்பது. நான் பார்த்தது 12 நாள் முன்னதாக. அங்கு அது எட்டு வாரமும் அதற்கு மேலும் முன்னதாகச் செய்யப்பட்டது.

எட்டு வாரம் முன்னதாக விழும் கன்றின் கதி என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை. பெரும்பாலானவை செத்துப் பிறந்தன. உயிரோடு விழுந்தவற்றில் தேறும் நிலையில் இல்லாதவை கொல்லப்பட்டன. பண்ணையாளருக்கு அந்தக் கன்று தேவையே இல்லை. தாயின் மடியில் பால் சுரந்தால் போதும். தாய்க்கும் கொடி தங்குதல், கருப்பை அழற்சி, நோய் எதிர்ப்பாற்றல் குறைதல் போன்ற தொல்லைகள் காத்திருந்தன.

இந்தக் கணக்கைக் கூர்ந்து பாருங்கள். பற்றாக்குறை விழுந்த இடம் 83 நாள்களில். அதை ஈடுகட்ட நாள்கள் எடுக்கப்பட்ட இடமோ 282இல். அதாவது, நாள்காட்டிக்கு ஏற்பட்ட கடனைக் கன்று தன் வயிற்றுக் காலத்திலிருந்து அடைத்தது. என்னை உறுத்துவது இதுதான்.

நேரம் சொல்வது யார்?

என் பாட்டி தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் லயத்துக்குப் பின்னால் மூன்று மாடுகள் வைத்திருந்தார். மாடு ஈனும் இரவில் அவர் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்தே இருப்பாராம். அம்மா சிறுமியாக இருந்தபோது, “எப்ப போடும்?” என்று நச்சரித்தால், “அது கன்னுக்குத்தான் தெரியும். வாய மூடிக்கிட்டு ஒக்காரு” என்று அதட்டுவாராம். விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றிப் பால்மரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். பால் வடியும் மரத்தில் கட்டினால் மடியில் பால் குறையாது என்பது அவர்களின் நம்பிக்கை.

கொடியைப் பற்றிய நம்பிக்கைக்கு என் பாடநூலில் இடமில்லை. ஆனால், கன்றைப் பற்றிப் பாட்டி சொன்னது அறிவியல். ஈற்றைத் தொடங்கி வைப்பது தாய் அல்ல, கன்று. வளர்ச்சி முற்றியதும் கன்றின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியைத் தூண்டுகிறது. அது கார்டிசோல் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. கார்டிசோல் நஞ்சுக்கொடியை அடைந்ததும், அதுவரை சினையைக் காத்துவந்த புரோஜெஸ்டிரோன் குறைந்து ஈஸ்ட்ரோஜன் கூடுகிறது. பிறகு புரோஸ்டாகிளாண்டின் சுரந்து கருப்பை சுருங்கத் தொடங்குகிறது. இன்னொரு வியப்பும் உண்டு. ஈற்றைத் தொடங்கும் அதே கார்டிசோல்தான் கன்றின் நுரையீரலையும் காற்றை ஏற்கப் பக்குவப்படுத்துகிறது. ‘நான் தயார்’ என்று தாய்க்குச் சொல்லும் செய்தியும், தயாராகும் வேலையும் ஒன்றாகவே நடக்கின்றன.

டெக்ஸாமெத்தசோன் என்பது கார்டிசோலைப் போலவே வேலை செய்யும் செயற்கை மருந்து. அதைத் தாய்க்குப் போடும்போது, கன்று அனுப்ப வேண்டிய செய்தியை நாம் அதன் பெயரில் எழுதி அனுப்புகிறோம். கையெழுத்து கன்றினுடையது போலிருப்பதால் தாயின் உடல் நம்பிவிடுகிறது. உள்ளே இருக்கும் கன்றோ தயாராகவில்லை.

இந்த அறிவு நமக்குக் கிடைத்த கதையும் நியூசிலாந்தில்தான் தொடங்குகிறது. ஆக்லாந்து நகரின் மகப்பேறு மருத்துவர் கிரஹாம் லிக்கின்ஸ், குறைமாதப் பிரசவம் ஏன் நிகழ்கிறது என்று அறிய 1960களில் செம்மறியாடுகளை ஆராய்ந்தார். ஈற்றுக்கான ஆணை குட்டியிடமிருந்து வருகிறது என்பதைக் காட்டிய முன்னோடிகளில் அவரும் ஒருவர். கருவிலேயே ஸ்டீராய்டு செலுத்தப்பட்டு மிக முன்னதாகப் பிறந்த ஆட்டுக்குட்டிகள், மூச்சுவிடவே முடியாத வயதில் மூச்சுவிட்டதையும் அவர் கண்டார். குழந்தை மருத்துவர் ரோஸ் ஹோவியுடன் சேர்ந்து, குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கிய தாய்மார்களுக்கு அவ்வகை மருந்தைக் கொடுத்துச் சோதித்தார். அந்த முடிவுகள் 1972இல் வெளிவந்தன. குழந்தைகளின் மூச்சுத் திணறலும் இறப்பும் குறைந்தன. இன்று உலகமெங்கும் குறைமாதக் குழந்தைகளைக் காக்க இம்முறை பயன்படுகிறது. இதை வாசிக்கும் உங்களில் ஒருவர்கூட அந்த ஊசியால் பிழைத்தவராக இருக்கலாம்.

எண்ணிப் பாருங்கள். ஒரே நாடு, ஒரே காலகட்டம், ஒரே வகை மருந்து. மருத்துவமனையில் முன்கூட்டியே பிறக்கப்போகும் குழந்தையைக் காக்க அது பயன்பட்டது. மேய்ச்சல் நிலத்தில் முன்கூட்டியே பிறக்க வைக்க அது பயன்பட்டது. ஆகவே, ‘ஹார்மோன்’ என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மருந்து நல்லதுமல்ல, கெட்டதுமல்ல. யாருக்காக நேரத்தை மாற்றுகிறோம் என்பதுதான் கேள்வி.

பண்ணையாளரின் வழக்கு

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கேட்பதே முறை. இம்முறையை ஆதரித்த பண்ணையாளர்களின் வாதம் இரக்கமற்றதன்று. “ஊசி போடாவிட்டால் இந்தப் பசுவை இறைச்சிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஊசியால் கன்று போகிறது, ஆனால் நல்ல பசு பிழைக்கிறது” என்பதே அவர்களின் வழக்கு. மூன்று மாடு வைத்திருந்த என் பாட்டி காத்திருக்கலாம். சராசரியாக நானூறுக்கும் மேற்பட்ட பசுக்களை வைத்து வங்கிக் கடனோடு போராடுபவர் எப்படிக் காத்திருப்பார்?

நெடுநேரம் யோசித்தேன். இந்த வாதத்தில் பாதிதான் உண்மை என்று தோன்றுகிறது. ஊசி அந்த ஆண்டுக்குப் பசுவைக் காப்பாற்றியது உண்மைதான். ஆனால், அது நோயைக் குணப்படுத்தவில்லை, மறைத்தது. பசு ஏன் உரிய நாளில் சினை பிடிக்கவில்லை? மெலிந்திருக்கலாம், பருவத்துக்கு வந்ததை யாரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம், பால் அளவை மட்டுமே பார்த்துப் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் சினை பிடிக்கும் திறன் தேய்ந்திருக்கலாம். ஊசி கைவசம் இருக்கும்வரை இக்கேள்விகளுக்கு விடை தேட வேண்டிய கட்டாயமே இல்லை. எளிதில் சினை பிடிக்காத பசுவும் அதன் வழித்தோன்றலும் மந்தையிலேயே தங்கிவிடும். அடுத்த ஆண்டு இன்னும் சில ஊசிகள் தேவைப்படும். கந்துவட்டிக் கடனைப் பற்றி நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்? முதல் தவணை எளிதாகத்தான் இருக்கும்.

இது என் கற்பனை அன்று என்பதை அடுத்து நடந்தது காட்டுகிறது. நியூசிலாந்தின் பண்ணையாளர் அமைப்புகளும், பால் நிறுவனங்களின் சங்கமும், கால்நடை மருத்துவர் சங்கமும் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. ஒரு மந்தையில் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் ஊசி கூடாது என்று வரம்பு வைத்து, அந்த வரம்பைப் படிப்படியாகக் குறைத்தன. 2015 ஜூன் 1 முதல் வழக்கமான ஈற்றுத்தூண்டல் முற்றாக நிறுத்தப்பட்டது. நான் ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. ஆஸ்திரேலியப் பால் துறையும் 2022 ஜனவரி 1-க்குள் அதைக் கைவிடுவதென்று இலக்கு வைத்தது. தாயின் உயிருக்கோ கன்றின் உயிருக்கோ ஆபத்து இருந்தால் மருத்துவர் தூண்டுவதற்கு இரு நாடுகளிலும் இடமுண்டு.

அதற்குப் பிறகு நியூசிலாந்தின் பால் தொழில் படுத்துவிடவில்லை. முன்பே செய்திருக்க வேண்டிய வேலைகளில் கவனம் திரும்பியது. சினைக்கு விடுவதற்கு முன் கிடாரிகள் உரிய எடையை எட்டியுள்ளனவா என்று பார்ப்பது, வால் அடியில் வண்ணம் பூசி எந்தப் பசு பருவத்துக்கு வந்தது என்று கண்காணிப்பது, சினை பிடிக்கும் திறனையும் கணக்கில் கொண்டு காளைகளைத் தேர்ந்தெடுப்பது எனப் பல வழிகள் இருந்தன. இயல்பாகவே சினைக்காலம் குறைந்த மரபுடைய காளைகளும் உண்டு. அவற்றின் கன்றுகள் சுமார் பத்து நாள் முன்னதாகப் பிறக்கும்; ஆனால், முழு வளர்ச்சியோடு பிறக்கும். இங்கும் நாள்கள் மிச்சமாகின்றன. ஆனால், நேரம் சொல்வது கன்றே. இந்த வேறுபாடு சிறியதாகத் தெரியலாம். என் பார்வையில் முழு அறமும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

மணியை அடித்தது யார்?

தமிழ்ப்பள்ளியில் மனுநீதிச் சோழன் கதையைக் கேட்காமல் ஆறாம் ஆண்டைத் தாண்டியவர் நம்மில் இருக்க மாட்டார். தேர்க்காலில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மன்னன் தன் மகன் என்றும் பாராமல் நீதி வழங்கினான். நியூசிலாந்துப் பசுக்களுக்கு அப்படி ஒரு மணி இருந்ததா?

கருணை மட்டுமே அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று நான் நம்பவில்லை. தன் பாலில் 95 விழுக்காட்டை வெளிநாட்டுக்கு விற்கும் நாடு அது. செத்த கன்றுகளின் படம் ஒன்று வாங்குபவர் கண்ணில் பட்டால் என்னவாகும் என்ற அச்சமும் அதற்குக் காரணம். வாங்கும் நாடுகளில் நாமும் ஒருவர். அப்படியானால், மணியின் கயிறு நம் கையிலும் இருந்திருக்கிறது. ஆனால், நாம் அதை இழுத்ததாக எனக்குத் தெரியவில்லை. பேரங்காடியில் பால்மாவை எடுக்கும்போது நாம் பார்ப்பது விலை, காலாவதி நாள், கூடவே இலவசமாகக் கரண்டி ஏதும் கொடுக்கிறார்களா என்பதை. பொட்டலத்தில் பச்சைப் புல்வெளியும் பசுவும் இருக்கும். கன்று இருக்காது.

‘வெள்ளைக்காரன் கொடுமைக்காரன், நாம் பசுவைத் தாயாக வணங்குபவர்கள்’ என்று இதற்குள் யாராவது பெருமூச்சு விட்டிருந்தால், அவர்களையும் சற்று நிறுத்துகிறேன். வணங்கும் நாம் அந்தப் பாலைத்தான் குடிக்கிறோம். கன்று காளையாகப் பிறந்தால் நம்மவர் கொட்டகையிலும் அது அதிக நாள் தங்குவதில்லை; எங்கே போகிறது என்று நாம் கேட்பதுமில்லை. நியூசிலாந்திலும் தடையோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. உரிய நாளில் பிறந்தாலும் மந்தைக்குத் தேவைப்படாத கன்றுகள், ஆண்டுதோறும் பதினைந்து இலட்சத்துக்கும் மேல், பிறந்த சில நாள்களிலேயே இறைச்சிக்கூடத்துக்குப் போகின்றன. நான்கு நாள் வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. “அப்படியென்றால் எட்டு வாரம் முன்னால் சாவதற்கும் நான்கு நாள் கழித்துச் சாவதற்கும் என்ன வேறுபாடு?” என்று வகுப்புத் தோழன் ஒருவன் என்னிடம் கேட்டான். கடினமான கேள்விதான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது சொல்கிறேன். முதிராத நுரையீரலோடு மூச்சுக்குத் திணறுவது ஒரு துன்பம். அது இப்போது இல்லை. தாயின் உடலைப் பொய்ச் செய்தியால் ஏமாற்றி நோய்க்கு ஆளாக்குவது இன்னொரு துன்பம். அதுவும் வழக்கமாக நடப்பதில்லை. மிச்சமுள்ள துன்பம் இருப்பதால் குறைந்த துன்பம் பொய்யாகிவிடாது. ஒரு கேள்வியைக் கேட்கத் துணிந்தவர்கள் அடுத்த கேள்வியையும் கேட்பார்கள் என்பதே என் நம்பிக்கை. முழுமையாகச் செய்ய முடியாதென்று ஒன்றும் செய்யாமலிருப்பதற்குப் பெயர் நேர்மை அன்று.

நம் நாட்டில் என்ன?

நம் நாட்டில் வசந்தமும் இல்லை, குளிர்காலமும் இல்லை. புல் எப்போதும் வளர்கிறது. பசு எந்த மாதத்திலும் ஈனலாம். ஆகவே, நியூசிலாந்தின் நெருக்கடி நமக்கு இல்லை; இது நமக்குக் கிடைத்த கொடை. ஆனால், நெருக்கடி பருவத்தால் மட்டும் வருவதில்லை என்பதை அந்தப் பண்ணையில் கண்டேன். விடுமுறை ஒரு நாள்காட்டி. ஆள் பற்றாக்குறை ஒரு நாள்காட்டி. பண்ணைகள் பெரிதாகப் பெரிதாக இத்தகைய நாள்காட்டிகள் இன்னும் பல வரும். இன்று ஒரு கிடாரிக்கு 12 நாள். பழகிவிட்டால் நாளை?

என் பாட்டியைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓர் ஆண்டு தைப்பூசம் நெருங்கியபோது, பால்குடத்துக்குப் பால் வேண்டுமென்று லயமே அவர் வீட்டு வாசலில் நின்றதாம். இரண்டு மாடுகள் வற்றிவிட்டன, மூன்றாவது நிறைசினை. பூசத்துக்கு மூன்று நாள் முன்புதான் அது ஈன்றது. “மடி நெறைய இருக்கே, அம்மா” என்று கேட்டவர்களிடம், “அது சீம்பாலு, கன்னுக்குப் போவட்டும். முருகன் கோவிச்சுக்க மாட்டாரு” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அந்த மாதம் அவருக்குப் பால்காசு வரவில்லை. வறுமையில் இருந்தவருக்கு அது சின்ன இழப்பு அன்று. பாட்டியைத் தெய்வமாக்க நான் இதை எழுதவில்லை. அவரும் காளைக்கன்றுகளை விற்றவர்தான். ஆனால், சாமிக்கே ஆனாலும் கன்றின் பங்கில் கை வைக்கக்கூடாத எல்லை ஒன்று உண்டு என்று அவர் அறிந்திருந்தார்.

பால் குடிப்பதை நிறுத்துங்கள் என்று சொல்ல நான் வரவில்லை, நானும் குடிக்கிறேன். ஹார்மோன் ஊசியைத் தூக்கி எறியுங்கள் என்றும் சொல்லவில்லை. வயிற்றில் கன்று இறந்துபோனாலோ, தாயின் உயிர் ஊசலாடினாலோ நானே முதலில் ஊசியை எடுப்பேன். என் கோரிக்கை எளிமையானது. நேரத்தை மாற்றுவது தாய்க்காகவோ கன்றுக்காகவோ இருந்தால் அது மருத்துவம். பால் தொட்டிக்காகவும் விடுமுறைக்காகவும் இருந்தால் அது கடன். அதுவும் கேட்காமல் வாங்கிய கடன்.

இன்னும் இரண்டு ஆண்டுகளில் படிப்பு முடியும். அப்போது வாலைப் பிடிப்பவளாக அல்ல, ஊசியைப் பிடிப்பவளாக ஒரு கொட்டகையில் நிற்பேன். அதே கேள்வியை வேறொரு மேற்பார்வையாளர் அதே தயக்கத்தோடு என்னிடம் கேட்பார். மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்பதென்று முடிவு செய்திருக்கிறேன். சினை பிடித்த நாள் உறுதியாகத் தெரியுமா? முன்னதாக ஈனுவதால் இந்த மாட்டுக்கு என்ன நன்மை? கொடி விழாமல் போனால் அடுத்த பத்து நாளுக்கு யார் பார்த்துக்கொள்வது? மூன்றாவது கேள்விக்கு ஒருவர் பெயரைச் சொல்ல முடிந்தால், விடுமுறையில் ஈற்றைப் பார்த்துக்கொள்ளவும் அவரே போதும். அப்போது ஊசிக்கே வேலை இருக்காது.

அப்படி யாருமே இல்லை என்றால், அந்த விடுமுறையில் இரண்டு இரவு விளக்கோடு உட்கார நானே வருகிறேன் என்று சொல்லும் துணிவு எனக்கு இருக்க வேண்டும். பாட்டியின் பேத்திக்கு அது முடியாத காரியமா என்ன?